ஏனென்று சொல்லாப் பொறி

நிலத்தின்மேல் கண் ஆளுகிறது. நீரின் அடியில் செவி ஆளுகிறது. கதிரவன் ஒளி கடலுள் இருநூறு மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் அவிந்துபோகும். வானொலி அலைகளை உப்புநீர் விழுங்கிவிடும். ஒலி ஒன்றுதான் அங்கு நெடுந்தொலைவு செல்லவல்லது. காற்றிற் செல்வதினும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட விரைவோடு, நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வது. ஆகலின், கடலடியில் ஒளிந்திருப்பதைத் தேட விழைந்த மாந்தன் கண்ணை விடுத்துச் செவியைத் தீட்டினான். 1912-இல் தைத்தானிக்குக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கிற்று. 1914-இல் பெசண்டன் என்னும் அறிஞர் நீருக்குள் ஒலியெழுப்பி, பனிமலையிற் பட்டு மீண்ட எதிரொலியைப் பிடித்துக் காட்டினார். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு நாட்டு இயற்பியலறிஞர் இலாஞ்செவன், படிகத்தின் அதிர்வைக் கொண்டு அம்முறையைச் செப்பஞ் செய்து, 1918-இல் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்தே எதிரொலி பெற்றார். பின்னாளில் அமெரிக்கர் அக்கருவிக்குச் 'சோனார்' என்று பெயரிட்டனர். அது சொல்லன்று, சில ஆங்கிலச் சொற்களின் தலைகளைக் கொய்து ஒட்டவைத்த முடிச்சு. தமிழில் நீரொலித் துழாவி என்றால், கேட்ட அளவிலேயே அது செய்யும் வேலை விளங்கிவிடும்.

அண்மைக் காலமாக அக்கேட்கும் வேலையும் மாந்தன் கையினின்று மெல்ல மெல்ல நழுவி வருகின்றது. செவிக்கருவி பூட்டிக்கொண்டு இரவெல்லாம் கடலைக் கேட்டுக்கொண்டிருந்த படைஞனின் பக்கத்தில், செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணிப்பொறி முறை வந்து அமர்கின்றது. சிலவிடத்து அவனை எழுப்பிவிட்டே அமர்கின்றது. வந்த ஒலி பாறையா கண்ணிவெடியா, மீன்கூட்டமா நீர்மூழ்கியா, வணிகக் கப்பலா போர்க்கப்பலா என்று நொடிப்பொழுதில் தீர்ப்புக் கூறுகின்றது. தீர்ப்புக் கூறுகின்றது, கரணியம் கூறுவதில்லை. ஏன் அவ்வாறு தீர்த்தாய் என்று வினவினால் விடையிறுக்க வகையற்ற பொறியின் சொல்லை நம்பி, நூறு உயிர் உள்ளிருக்கும் ஒரு கலத்தின்மேல் கணை ஏவலாமா? கண்ணிவெடி இல்லையென்று அது சொன்ன கடல்வழியில் மக்கள் ஏறிய கப்பலைச் செலுத்தலாமா? விடை சரியாக இருந்தாற் போதும், விளக்கம் எதற்கு என்பார் ஒருசாரார். விளக்கம் இல்லாத இடத்தில் விடை சரியா என்பதை எவ்வாறு அறிவது என்பதை அவர் கூறுவதில்லை.

கடலொலி எளிதிற் படிக்கத்தக்க ஓலையன்று. எழுப்பிய ஒலி நான்கு நொடியில் மீண்டால், எதிர்ப்பட்ட பொருள் மூவாயிரம் மீட்டர் தொலைவில் உள்ளதென்பது பள்ளிப்பிள்ளையும் போடத்தக்க கணக்கு. ஆனால், ஒலி நேர்கோட்டிற் செல்லும் என்று கொண்ட கணக்கு அது. கடலில் வெப்பமும் உப்பும் அழுத்தமும் ஆழத்துக்கு ஆழம் மாறுகின்றன. அவை மாற ஒலியின் விரைவு மாறும். விரைவு மாற அதன் வழியும் வளையும். மேலுள்ள வெந்நீர்ப் படலத்துக்குக் கீழே, ஒலி எட்டாத நிழலிடங்கள் உண்டு; நீர்மூழ்கிகள் அங்கே பதுங்கும். வெப்பக் கடல்களின் கரையோரத்தில் சொடுக்கு இறால்கள் எண்ணிறந்தவை கூடித் தம் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை, எண்ணெயிற் கடுகு பொரிவதுபோல் ஓயாது ஒலிக்கும். மேலே மழையும் காற்றும் அலையும். தொலைவிலே கப்பல்களின் உறுமல். 2009-இல் அட்லாண்டிக்குப் பெருங்கடலில், பிரித்தானியரின் 'வான்கார்டு', பிரெஞ்சியரின் 'திரியோம்பான்' என்னும் அணுவாற்றல் நீர்மூழ்கிகள் இரண்டும், ஒன்றையொன்று கேளாமலே மோதிக்கொண்டன. உலகின் மிகத் தேர்ந்த செவிகள் வாய்ந்த கலங்கள் அவை!

இவ்வளவு இரைச்சலுக்கும் நடுவே, பயின்ற செவியினன் ஒரு கப்பலின் உந்துவிசிறி எழுப்பும் அடிகளை எண்ணுவான். நான்கு இதழ் கொண்ட விசிறி நிமையத்துக்கு 120 முறை சுழன்றால் நொடிக்கு எட்டு அடி எழும். அந்த எட்டைப் பிடித்துவிட்டால், கலத்தின் வகையும் செல்லும் விரைவும் ஓரளவு பிடிபடும். இங்கு ஒன்றை உன்னுதல் வேண்டும். அவன் 'இது சரக்குக் கப்பல்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. 'நொடிக்கு எட்டு அடி கேட்கின்றது, ஆகவே சரக்குக் கப்பல்' என்கின்றான். அந்த 'ஆகவே' இருப்பதால் தலைவன் அவனைத் திருப்பிக் கேட்க முடிகின்றது. இன்னொருவனைக் கேட்கச் சொல்லி ஒப்பிட முடிகின்றது. ஒற்றன் ஒருவன் கொணர்ந்த செய்தியை அவன் ஒருவன் சொல்லாலேயே கொள்ளலாகாது என்பது ஒற்றாடலைக் கூறவந்த திருவள்ளுவர் காட்டிய நெறியன்றோ?

அந்நெறி தவறிய இடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தொங்கின் வளைகுடாவினும் பெரிய சான்று வேண்டா.

1964 ஆகசுட்டு 2-ஆம் நாள், அவ்வளைகுடாவில் 'மேடாக்சு' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலை வடவியத்நாமியப் படகுகள் தாக்கின. அது உண்மையாக நடந்தது. இரண்டு நாள் கழித்து, 4-ஆம் நாள் இரவு, மேடாக்சும் 'டர்னர் சாய்' என்னும் இன்னொரு போர்க்கப்பலும் அதே கடலிற் காரிருளில் சென்றுகொண்டிருந்தபோது, மீண்டும் தாக்கப்படுவதாகச் செய்தி பறந்தது. மேடாக்சின் நீரொலித் துழாவிமுன் இருந்தவர், நீர்க்கணை வருகின்றது, இதோ இன்னொன்று என்று அடுத்தடுத்து அறிவித்தார். இருபதுக்கு மேற்பட்ட நீர்க்கணைகள் எண்ணப்பட்டன. கப்பல்கள் வளைந்து நெளிந்து ஓடின; இருட்டை நோக்கிச் சுட்டுத் தள்ளின. மேலே வானூர்தியிற் பறந்த இசுட்டாக்டேல் என்னும் வானோடி, பகைப் படகு ஒன்றையும் தாம் காணவில்லை என்று பின்னர் எழுதினார். நடந்தது யாது? கப்பல் விரைவாகத் திரும்பும் போதெல்லாம் அதன் சொந்த விசிறியின் ஓசை அதன் சொந்தச் சுக்கானிற் பட்டு எதிரொலித்தது. தன் காலடி ஓசையைத் தானே கேட்டுக் கள்வன் துரத்துகின்றான் என்று ஓடியவன் கதைதான் அது.

அக்கப்பற் குழுவின் தலைவர் எரிக்கு என்பார் சில மணி நேரத்துக்குள்ளேயே ஐயுற்றார். வானிலைக் கோளாறும் துழாவியாளரின் மிகை முனைப்புமே இவ்வறிக்கைகள் பலவற்றுக்குக் கரணியமாகலாம். முழுதும் ஆராய்ந்த பின்னரே மேற்செயல் கொள்ளத்தகும் என்னும் பொருள்படச் செய்தி விடுத்தார். வாசிங்டன் பொறுக்கவில்லை. 5-ஆம் நாள் வடவியத்நாமின்மேல் அமெரிக்க வானூர்திகள் குண்டு பொழிந்தன. 7-ஆம் நாள் அமெரிக்கப் பேராயத்தின் கீழவை 416-க்குச் சுழியாகவும், மேலவை 88-க்கு 2 ஆகவும் வாக்களித்துக் குடியரசுத் தலைவர் சான்சனுக்குப் படை செலுத்தும் உரிமையை வழங்கின. அப்போருக்கு வேர்கள் பல; அன்றிரவு தொலைநிலைக் கருவியும் பிழைத்தது, ஒற்றுச் செய்திகளும் பிழைபடக் கொள்ளப்பட்டன. ஆயினும், கதவைத் திறந்த திறவுகோல்களுள் ஒன்று அந்தச் சுக்கான் எதிரொலி. அமெரிக்கர் மட்டுமே ஐம்பத்தெண்ணாயிரவர்க்கு மேல் அப்போரில் மாண்டனர். வியத்நாமிய மக்கள் மாண்டது பல இலக்கம்.

மற்றொன்று சிரிப்புக்கிடமானது, ஆயினும் அடியில் அதே அச்சம் உடையது. 1981 அக்தோபரில் உருசிய நீர்மூழ்கி ஒன்று சுவீடன் நாட்டுக் கார்ல்சுகுரோனாக் கடற்படைத் தளத்தின் அருகே பாறையில் ஏறிச் சிக்கிக்கொண்டது. அதன்பின் சுவீடியர்க்குக் கடலோசையெல்லாம் உருசிய ஓசையாயிற்று. உருசியப் பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்து முடிந்த பிறகும், நீரடியில் ஒரு வகைப் பொரியும் ஓசை கேட்டுக்கொண்டேயிருந்தது. படையினர் தேடினர்; ஒன்றும் அகப்படவில்லை. 1996-இல் அவ்வொலியைப் படைத்துறை சாராத அறிவியலறிஞர் இருவர்க்குக் கேட்கக் கொடுத்தனர். அவர் ஆராய்ந்து கூறிய முடிவு, எர்ரிங்கு மீன்கூட்டம் தன் காற்றுப்பையிலிருந்து பின்வழியாக வளிக்குமிழிகளை வெளியேற்றும் ஓசை அஃது என்பது. தமிழகக் கடற்கரையினர் நன்கறிந்த சாளை மீனின் குடும்பத்தது எர்ரிங்கு. அம்மீனின் வளி ஒரு நாட்டின் கடற்படையை அலைக்கழித்திருக்கிறது! கேட்ட எல்லா ஒலியும் மீனொலியே என்று கூறிவிட முடியாதுதான். எனினும், அந்தப் பொரியும் ஓசைக்குப் பின்னே நீர்மூழ்கி இருந்ததில்லை.

இவை மாந்தச் செவியின் பிழைகள், பொறி வந்தால் இவை தீரும் என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் கருத்தூன்றல் வேண்டும். இவ்விரு பிழைகளும் எவ்வாறு வெளிப்பட்டன? கேட்டவன் எதைக் கேட்டான் என்பது பிறர்க்குச் சொல்லத்தக்கதாய் இருந்தது. திரும்பும்போதெல்லாம் கேட்டது என்றால், கப்பலைத் திருப்பிப் பார்த்து ஆயலாம். பொரிவதுபோல் கேட்டது என்றால், மீனைப் பிடித்து அதன் காற்றுப்பையை அமுக்கிப் பார்க்கலாம். பொறியோ, 'நீர்மூழ்கி, 97 விழுக்காடு' என்று ஒரு வரி எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்ளுமாயின், எதைத் திருப்புவது? எதை அமுக்குவது?

இத்துறையின் தொடக்கக் காலத்தினர் இதனை அறியாதவர் அல்லர் என்பது வியப்பளிக்கும் செய்தி. 1988-இல் கோர்மன், செயினோவ்சுகி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கடலடி மணலில் ஒரு மாழை உருளை. அதே வடிவினதாய் ஒரு பாறை. இரண்டின்மேலும் பல கோணங்களில் ஒலி பாய்ச்சி எதிரொலிகளைப் பதிந்தனர். உருளையினின்று 111, பாறையினின்று 97, ஆக 208 எதிரொலிகள். ஒவ்வொன்றையும் அறுபது அதிர்வெண் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒலியின் வலிமை எவ்வளவு என்று அறுபது எண்களாக்கினர். மூளையின் நரம்புகளைப் போலிகை செய்து அமைத்த நரம்பு வலை ஒன்றுக்கு அவற்றில் 104-ஐக் காட்டிப் பயிற்றினர். எஞ்சிய 104-ஐக் கொண்டு தேர்வு வைத்தனர். அவ்வலை தேர்வில் 90.4 விழுக்காடு வரை சரியாகச் சொல்லிற்று. பயின்ற மாந்தச் செவிக்கு ஒப்பான திறம் அது.

ஆனால், அவ்வாய்வின் தலைப்பிலேயே அவர்கள் முன்வைத்தது அந்த வெற்றியை அன்று. வலையின் நடுவில் மறைந்திருந்து வேலைசெய்யும் கணுக்களைப் பகுத்துப் பார்ப்பதையே தலைப்பாக வைத்தனர். உள்ளே வரும் அறுபது எண்களுக்கும் வெளியே போகும் விடைக்கும் இடையில், ஏறக்குறைய ஒரு பன்னிரண்டு மறைகணுக்கள். ஒவ்வொரு கணுவும் எந்த அதிர்வெண் பகுதியோடு எவ்வளவு வலிமையாக இணைந்துள்ளது என்று எடுத்துப் பார்த்து, ஒலியின் எந்தக் கூற்றை அது பிடித்துக்கொண்டது என்று கூறினர். அம்முறை மாந்தச் செவியின் முறையோடு ஒத்திருப்பதையும் காட்டினர். பொறியின் நெஞ்சைத் திறந்து பார்த்த செயல் என்க. பன்னிரண்டு கணு என்பதால் திறந்து பார்க்க முடிந்தது. இன்றைய வலைகளின் இணைப்புகள் இலக்கக் கணக்கிலும் கோடிக் கணக்கிலும் உள்ளன. திறம் பெருகப் பெருகக் கதவு சாத்தப்பட்டுக்கொண்டே வந்திருக்கின்றது. நாற்பது ஆண்டுக்கு அண்மையில் முன்னேறிய ஒரு துறை, தன் முதலடியில் செய்ததை இப்போது புதுவதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

கதவு சாத்தியிருந்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதற்குச் செருமானிய நாட்டுக் குதிரை ஒன்றின் கதை விளக்கந் தரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஆன்சு என்னும் குதிரை கூட்டல் கழித்தல் செய்வதாகப் பெயர் பெற்றிருந்தது. விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். 1907-இல் புங்சுட்டு என்னும் ஆய்வாளர் அதன் உண்மையை வெளிப்படுத்தினார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. வினவியவர் முகத்திலும் உடலிலும் அவர் அறியாமலே தோன்றிய சிறுசிறு அசைவைக் கண்டு தட்டுவதை நிறுத்திற்று. விடை சரி, வழி பொய். நூறாண்டு கழித்து, 2019-இல், அதே செருமானிய நாட்டு ஆய்வாளர் கணிப்பொறியொன்று குதிரைப் படங்களை எவ்வாறு இனங்காண்கின்றது என்று திறந்து பார்த்தனர். படத்தின் மூலையில் படம் எடுத்தவர் பொறித்திருந்த உரிமைக் குறிப்பை அது பார்த்துக்கொண்டிருந்தது! குதிரைப் படங்கள் பலவற்றில் அக்குறிப்பு இருந்தமையால், குறிப்பைக் கண்டாற் குதிரை என்று கற்றுக்கொண்டுவிட்டது. தேர்வுப் படங்களிலும் அக்குறிப்பு இருந்ததால் மதிப்பெண்ணும் மிகுதி.

கடலில் இதே ஏமாற்றுக்கு இடம் பெரிது. கப்பலொலிகளை இனம் பிரிக்கும் ஆய்வுக்கென 2021-இல் வெளியான 'டீப்சிப்பு' என்னும் தொகுப்பில் 265 கப்பல்களின் ஒலி 47 மணி நேரத்துக்குப் பதிவாகியுள்ளது. அரிய உழைப்பு, ஐயமில்லை. ஆயினும், ஒரே கப்பல் ஒரே நாளிற் சென்ற ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டைப் பயிற்சியிலும் மறு துண்டைத் தேர்விலும் இட்டுவிட்டால், பொறி கற்பது கப்பலின் ஒலியையா, அன்றைய மழையின் ஒலியையா? சரக்குக் கப்பல்களெல்லாம் ஒரு பருவத்திலும், இழுவைக் கப்பல்களெல்லாம் மறு பருவத்திலும் பதிவாகியிருந்தால், பருவத்தைக் கொண்டே கப்பலைச் சொல்லிவிடும். ஆய்வறையில் 95 விழுக்காடு பெற்ற பொறி வேறொரு கடலில் இறக்கியதும் தடுமாறுவது ஏன் என்பதற்கு இங்கே விடையுண்டு. பகைக்கடலில் பதிவெடுத்துப் பயிற்ற எவரும் இடங்கொடுக்க மாட்டார் என்பதையும் சேர்த்து எண்ணுக. தன் கடலிற் பயின்ற பொறியைப் பிறன் கடலில் நம்ப வேண்டிய நிலையே போரில் மிகுதி.

விளக்கம் தரும் முறைகள் இல்லையா எனின், உள்ளன. விடை கிடைத்த பின்னர், படத்தின் அல்லது ஒலிப்பதிவின் எந்தப் பகுதி அவ்விடைக்குப் பெரிதும் துணைநின்றது என்று நிறந்தீட்டிக் காட்டும் முறைகள் 2016, 2017 ஆண்டுகளிலிருந்து பெருவழக்காயின. கடலடியை ஒலியாற் படமெடுக்கும் துழாவியில் இவை பயன்படுதல் உண்டு. கண்ணிவெடியைத் தேர்ந்தவர் காண்பது அதன் மேனியை மட்டுமன்று. அது மணலில் வீழ்த்தும் ஒலிநிழலையும் காண்பர். நிழலின் நீளமும் வடிவும் பொருளின் உயரத்தையும் உருவையும் காட்டிக்கொடுக்கும். பொறி நிறந்தீட்டிய இடம் அந்த நிழலின்மேல் விழுந்தால் ஓரளவு நம்பலாம்; மணலின் வரிகளில் விழுந்தால் பொறி எதையோ பிதற்றுகின்றது என்று அறியலாம். இம்மட்டில் நன்று.

ஆனால், நிறம் தீட்டியதெல்லாம் விளக்கமாகிவிடாது. 2018-இல் ஆய்வாளர் சிலர் ஒரு குறும்பான சோதனை செய்தனர். நன்கு பயின்ற வலையின் இணைப்பு வலிமைகளைக் கண்டபடி கலைத்துப் போட்டு, அதனை ஒன்றும் அறியாப் பேதையாக்கினர். பின்னும் சில விளக்க முறைகள் முன்போலவே அழகிய நிறப்படத்தைக் காட்டின! அறிவு போன பின்னும் விளக்கம் மட்டும் மாறாதிருந்தால், அவ்விளக்கம் அறிவைப் பற்றியதன்று. 2019-இல் சிந்தியா உரூடின் என்னும் அமெரிக்க அறிஞர், உயிரும் உரிமையும் தொங்கும் இடங்களில் கரும்பெட்டியைச் செய்துவிட்டுப் பிறகு அதற்கு விளக்கவுரை எழுதுவதை விடுத்து, தொடக்கத்திலேயே விளங்கும்படியான பொறியைச் செய்க என்று வாதிட்டார். அவர் பக்கமே வலிவு உள்ளது. செய்து முடித்த செயலுக்குப் பிறகு கற்பிக்கும் சமாளிப்பும், செயலைச் செய்வித்த கரணியமும் ஒன்றல்ல. ஊரில் வழக்குப் பேசுவோர் இதை அறிவர்.

விளக்கு, விளங்கு, விளக்கம் என்பன ஒரே அடியிற் கிளைத்த சொற்கள். இருளிலுள்ளதை ஒளியிற் கொணர்வதே தமிழன் கருதிய விளக்கம். ஆங்கிலர் அதே பொருளில் ஆளும் சொல்லுக்கு இலத்தீனில் மட்டமாக்குதல் என்பது பொருள். இன்றைய நிறப்படங்கள் பல அந்த இலத்தீன் பொருளுக்கே பொருந்துவன: மேடு பள்ளத்தை மூடி மட்டமாக்கிக் காட்டுகின்றன, உள்ளே ஒளி ஏற்றுவதில்லை.

மறுப்போர் கூறும் கரணியங்கள் மூன்று. பொறுத்து ஆராயக் கடற்போரில் நேரமில்லை என்பது ஒன்று. அது ஒருசிறிது உண்மை. நீர்க்கணை வரும்போது விளக்கவுரை படிப்பார் இல்லை. ஆனால், கண்ணிவெடி தேடுவோர்க்கும், கடலடியைப் படமெடுப்போர்க்கும், நீர்மூழ்கியை நாள்கணக்கிற் பின்தொடர்வோர்க்கும் நேரம் உண்டு. வேலையிற் பெரும்பகுதி அதுவே. மேலும், தொங்கினில் நேரமில்லை என்று பாய்ந்ததன் விலை முன்னே கூறப்பட்டது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாயிருந்தால் போதாதா என்பது இரண்டாவது. எடுத்துக்காட்டாக ஒரு கடல்வழியில் பத்தாயிரம் பொருள்கள் கிடப்பதாகவும், அவற்றுள் கண்ணிவெடி பத்தே என்றும் கொள்க. நூற்றுக்கு ஒன்று பிழைக்கும் பொறி, அப்பத்தையும் காட்டும். கூடவே ஏறத்தாழ நூறு பாறைகளையும் வெடி என்று கூவும். நூற்றுப்பத்துக் கூவலில் நூறு பொய். எந்தக் கூவல் மெய்யென்று பிரிக்க, பொறி எதைக் கண்டு கூவிற்று என்பதைத் தவிர வேறு வழி யாது? ஒவ்வொன்றுக்கும் நீர்மூழ்காளரை இறக்கினால் அவர் உயிரும் நேரமும் வீண். இறக்காவிட்டால் பத்தில் ஒன்று பின்வரும் கப்பலுக்கு எமன். அரிது நிகழ்வதைத் தேடும் இடத்தில் விழுக்காட்டுப் பெருமை பெரிதும் ஏமாற்றும்.

மாந்தனாலும் தன் கரணியத்தை முழுதும் சொல்ல முடியாதே என்பது மூன்றாவது. மூன்றனுள் வலியதும் இதுவே. முதிர்ந்த செவியினனைக் கேட்டால் 'கேட்டவுடன் தெரிந்தது' என்பான். மெய்தான். ஆனால், அவனை மேலும் வினவலாம். வேறு ஒலியைக் காட்டி ஆயலாம். அவன் களைப்பிலிருந்தானா, அச்சத்திலிருந்தானா என்று அருகிருந்தவர் அறிவர். பிழைத்தால் பொறுப்பேற்கவும் அவன் ஓர் ஆள். பொறிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அதனால், மாந்தனிடம் கேட்பதினும் மிகுதியாகப் பொறியிடம் கேட்பதே முறை.

விளக்கம் யாருக்கு என்பதையும் எண்ணாமல் விடுகின்றனர். 'மறைகணு ஏழு எழுந்தது' என்பது பொறி செய்தவனுக்கு விளக்கம். திரைமுன் விழித்திருக்கும் கடலோடிக்கு அது மற்றொரு மந்திரம். நொடிக்கு எட்டு அடி, நிழலின் நீளம் இவ்வளவு, எதிரொலி இத்துணை நேரம் நீண்டது என்று அவன் தொழிலறிந்த கூறுகளிற் சொல்லுதல் வேண்டும். அவன் மொழியிலும் சொல்லுதல் வேண்டும். தமிழகக் கரையினின்று புறப்படும் விசைப்படகுகளில் ஆழம் பார்க்கவும் மீன்கூட்டம் தேடவும் பயன்படும் எதிரொலிக் கருவிகளும் இக்குடும்பத்தவையே. அவற்றின் திரையில் ஓடுவது பெரும்பாலும் ஆங்கிலம். நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் மீனுக்கும் நூற்றுக்கணக்கிற் பெயர் வைத்திருக்கும் பரதவன், அயன்மொழித் திரையின் நிறத்தை மட்டும் பார்த்து வலைவீச வேண்டியிருக்கின்றது. படைக்கலத்தில் உயிர், படகில் வயிறு. புரியாத திரையை நம்புவது இரண்டிடத்தும் ஒன்றே.

2020-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை செயற்கை நுண்ணறிவுக்கென்று ஐந்து நெறிகளை ஏற்றது. அவற்றுள் ஒன்று, முடிவு எவ்வழி வந்ததென்று தடங்காணத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது. தாளில் எழுதியது நன்று. ஆனால், தொங்கினில் தடமும் இருந்தது, ஐயமும் இருந்தது. எரிக்கின் செய்தி குண்டு விழுவதற்கு முன்பே வாசிங்டனை அடைந்துவிட்டது. கேட்க விரும்பாதவன் காதில் எவ்விளக்கமும் ஏறாது என்பதை மறைத்துப் பயனில்லை. அப்படியானால் விளக்கமுடைய பொறியால் யாது பயன் என்று வினவலாம்.

அவ்விரவின் ஒலிகேட்பு, எரிக்கின் ஐயம், சுக்கானின் எதிரொலி, ஒற்றுச் செய்திகளின் திரிபு ஆகிய அனைத்தும் ஆவணங்களில் நின்றன. அமெரிக்க ஒற்றுத்துறையின் வரலாற்றாசிரியரே அவற்றை எடுத்துவைத்து, 4-ஆம் நாள் தாக்குதல் நடக்கவேயில்லை என்று எழுதினார். நாற்பத்தோராண்டு கழித்து, 2005-இல், அவ்வெழுத்து கமுக்கப் பெட்டியினின்று வெளிவந்தது. அன்று துழாவிமுன் இருந்தது ஒரு வாய்பேசாப் பொறியாகவும், அது விட்டுச் சென்றது 'நீர்க்கணை, 97 விழுக்காடு' என்னும் ஒரு வரியாகவும் இருந்திருந்தால், அந்த வரலாற்றாசிரியர் கையில் எடுத்துப் படிக்க என்ன இருந்திருக்கும்?